பங்கில் ஒரு வின்சென்ட் தே பவுல் கிளைச் சபை: தொடங்கி நடத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டின் கத்தோலிக்கப் பங்குகளில் (ஒரு கோவிலையும் அதைச் சேர்ந்த மக்களையும் பங்கு என்பர்) ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலில் உண்டியலுடன் நிற்கும் இரண்டு மூன்று பேரைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் என்று சொல்லி, சில்லறையைப் போட்டுவிட்டுக் கடந்து செல்வதே வழக்கம். வாரத்தின் மற்ற நாள்களில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது பங்கு மக்களுக்கே பெரும்பாலும் தெரியாது. அப்படித் தெரியாமல் இருப்பதில் ஒரு பாதி, உதவி பெறுவோரின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்ற சபை ஒழுங்கினால் வந்தது. மறுபாதி, பல கிளைகளில் உண்டியல் ஏந்துவதற்கு மேல் எதுவும் நடப்பதில்லை என்பதால் வந்தது. தங்கள் பங்கில் புதிதாகக் கிளைச் சபை தொடங்க விரும்புவோருக்கும், பெயரளவில் இருக்கும் கிளையை மீண்டும் இயங்க வைக்க விரும்புவோருக்கும் பயன்படும் வகையில் இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது.

தொடங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

இச்சபையைப் புனித வின்சென்ட் தே பவுல் நிறுவவில்லை. அவர் 1581 முதல் 1660 வரை வாழ்ந்தவர். சபை தோன்றியது அவர் இறந்து ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்குப் பின், 1833-இல், பாரிசில். தோற்றுவித்தவர்கள் பொதுநிலையினர், அதாவது குருக்களோ துறவியரோ அல்லாதவர்கள்; பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். அவர்களுள் முதன்மையானவரான பிரடெரிக் ஓசானாமுக்கு அப்போது வயது 20. 'உங்கள் திருச்சபை பழங்காலத்தில் நன்மை செய்தது சரி, இன்று என்ன செய்கிறது?' என்று உடன்பயின்ற சிலர் விவாதக் கூட்டம் ஒன்றில் கேட்ட கேள்விக்குப் பேச்சால் விடையளிக்க இயலாது என்று கண்ட இளைஞர்கள், பத்திரிகை ஆசிரியராக இருந்த இம்மானுவேல் பாயி என்ற மூத்தவரைத் தலைவராகக் கொண்டு ஏழு பேராகக் கூடினர். ஏழைகளின் வீடு எது, அங்கே எப்படி நுழைவது என்பதே அவர்களுக்குத் தெரியாது. அதைக் கற்றுக்கொடுத்தவர், பாரிசின் மிக வறிய பகுதிகளுள் ஒன்றான முஃப்தார் பகுதியில் பணியாற்றிய அருட்சகோதரி ரோசலி ரெந்து. எந்தக் குடும்பத்துக்குப் போக வேண்டும் என்ற பட்டியலையும், ரொட்டிக்கும் இறைச்சிக்கும் உரிய சீட்டுகளையும் தொடக்கத்தில் அவரே கொடுத்தனுப்பினார். ஓசானாம் 1853-இல் 40 வயதில் இறந்தார். 1997-இல் பாரிசில், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் பெற்றார். சகோதரி ரோசலி 2003-இல் அருளாளரானார்.

வரலாற்றை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. சபையின் வேலை முறை முழுவதும் அந்த முதல் ஆண்டிலேயே அமைந்துவிட்டது. சிறு குழுவாகக் கூட வேண்டும், தமக்குள் காணிக்கை சேர்க்க வேண்டும், இருவர் இருவராக ஏழைகளின் வீட்டுக்குச் செல்ல வேண்டும், திரும்பி வந்து குழுவில் பேசி முடிவெடுக்க வேண்டும். இந்த நான்கும் இருந்தால்தான் அது வின்சென்ட் தே பவுல் சபை. கிறிஸ்துமசுக்குச் சேலை வேட்டி வழங்குவதும் ஆண்டுக்கொருமுறை மருத்துவ முகாம் நடத்துவதும் நல்ல செயல்களே. எனினும் அவற்றை எந்த இளைஞர் மன்றமும் செய்யும்.

முதல் படி: ஆட்களைக் கண்டறிதல்

பங்குத்தந்தையின் ஒப்புதலை முதலில் பெற வேண்டும். சபை பொதுநிலையினருடையது, தலைமையும் அவர்களுடையது. ஆயினும் பங்குத்தந்தைக்குத் தெரியாமல் பங்கில் எதுவும் வேர் பிடிக்காது. அவரோ அவர் சொல்லும் அருட்சகோதரி ஒருவரோ ஆன்மிக ஆலோசகராக இருப்பார். அவரிடம் செல்லும்போது, 'சபை தொடங்கலாமா?' என்று பொதுவாகக் கேட்பதைவிட, இன்னின்ன நான்கு பேர் ஆயத்தமாக இருக்கிறோம், இந்தக் கிழமையில் இந்த நேரத்தில் கூடுவோம், கூடுவதற்கு மறைக்கல்வி வகுப்பறையைத் தந்தால் போதும் என்று சொன்னால் பேச்சு விரைவில் முடியும்.

உறுப்பினர்களைப் பீடத்திலிருந்து அறிவிப்பு வாசித்துச் சேர்க்க முயல்வது பெரும்பாலும் பலன் தருவதில்லை. அறிவிப்பைக் கேட்டு முதல் கூட்டத்துக்கு 30 பேர் வருவார்கள். மூன்றாம் கூட்டத்தில் ஆறு பேர் இருப்பார்கள். பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுக்களான அன்பியங்களின் கூட்டங்களுக்குச் சென்று, யார் பக்கத்து வீட்டுக்காரரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார், யார் துக்க வீட்டில் கடைசி வரை நின்று பாத்திரம் கழுவுகிறார் என்று கவனித்து, அவர்களைத் தனித்தனியாக அழைப்பதே பயன் தரும். எட்டு முதல் பன்னிரண்டு பேர் இருந்தால் ஒரு கிளை நன்றாக நடக்கும். அதற்கு மேல் கூடினால் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தம் சந்திப்பைப் பற்றிப் பேச நேரம் இராது.

யார் சேரலாம் என்பதில் சில தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. தொடக்கத்தில் இது ஆண்களின் சபையாக இருந்தது உண்மை. இன்று பெண்களும் ஆண்களும் சம உரிமையுடன் உறுப்பினராகலாம், தலைமையும் ஏற்கலாம். பெண் உறுப்பினர் இல்லாத கிளை, கைம்பெண்களும் தனித்து வாழும் முதிய பெண்களும் உள்ள வீடுகளில் வாசற்படியைத் தாண்டுவதே கடினம் என்பது நடைமுறை உண்மை. ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணமும் தவறானது. மாணவர்கள் தொடங்கிய சபையை ஓய்வூதியர் சங்கமாக்கியது நம்முடைய பழக்கம். கூட்டங்களுக்கு ஒழுங்காக வந்து சந்திப்புக்கும் செல்வோர் செயல் உறுப்பினர். நேரம் தர இயலாமல் பொருளாலும் செபத்தாலும் துணை நிற்போர் துணை உறுப்பினர். இரு வகையினரையும் ஒரே பட்டியலில் போட்டு, 'நம் கிளையில் 60 பேர்' என்று அறிக்கை எழுதுவதைத் தவிர்க்க வேண்டும்.

இரண்டாம் படி: பொறுப்பாளர்களும் இணைப்பும்

தலைவர், துணைத் தலைவர், செயலர், பொருளாளர் ஆகிய நால்வர் தேவை. தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பர். மற்றப் பொறுப்பாளர்களை, உறுப்பினர்களைக் கலந்து, தலைவர் நியமிப்பது சபை ஒழுங்கு. தலைமைக்கு வரையறுத்த காலம் உண்டு. 'அண்ணன் இருக்கிற வரைக்கும் அண்ணன்தான்' என்று ஒருவரையே 20 ஆண்டுகள் தலைவராக வைத்திருக்கும் கிளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர் நல்லவராகவே இருப்பார். ஆனால் அவருடன் கிளையும் முதுமை அடைந்துவிடும்.

கிளை என்பது தனித்து நிற்கும் அமைப்பு அன்று. பல கிளைகள் சேர்ந்து வட்டார அளவிலும், அதற்கு மேல் மத்திய சபை என்ற அளவிலும் இணைந்து, தேசிய சபையின் வழியாகப் பாரிசில் உள்ள பன்னாட்டுப் பொதுச்சபையுடன் தொடர்பு பெறுகின்றன. புதிய கிளை தொடங்கியதும் அருகிலுள்ள மத்திய சபைக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அங்கிருந்து ஒருவர் வந்து இரண்டு மூன்று கூட்டங்களில் அமர்ந்து வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்ள வேண்டும். சில காலம் ஒழுங்காக இயங்கிய பின், மத்திய சபை பரிந்துரைக்க, பன்னாட்டுப் பொதுச்சபை இணைப்புக் கடிதம் வழங்கும். அக்கடிதம் வந்தால்தான் கிளை முறைப்படி சபையின் உறுப்பாகிறது. சட்டமிட்டுச் சுவரில் மாட்டப்படும் இக்கடிதத்தைப் பல பங்குகளில் காணலாம். அது தொங்கும் அறையில் கடைசியாக எப்போது கூட்டம் நடந்தது என்று கேட்டால் மட்டும் சிலருக்குக் கோபம் வரும்.

மூன்றாம் படி: வாரக் கூட்டம்

கூட்டம் வாரந்தோறும் நடப்பதே வழக்கம். குறைந்தது இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும் என்பது ஒழுங்கு. மாதம் ஒருமுறை கூடினால், கூட்டத்தில் ஒரு குடும்பத்தின் துன்பம் பேசப்படும் நேரத்தில் அது பல வாரம் பழையதாகியிருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொடக்க செபத்துக்குப் பின் நற்செய்தியிலிருந்தோ ஓசானாமின் கடிதங்களிலிருந்தோ ஒரு சிறு பகுதியை வாசித்து, இரண்டு நிமிடம் அமைதி காத்து, விரும்புவோர் ஓரிரு சொற்கள் பகிரலாம். சொற்பொழிவுக்கு இங்கே இடமில்லை. பின்னர் செயலர் சென்ற கூட்டத்தின் குறிப்பை வாசிப்பார், பொருளாளர் கையிருப்பைச் சொல்வார். அதன்பின் கூட்டத்தின் பெரும்பகுதி சந்திப்பு அறிக்கைகளுக்கே உரியது. ஒரு குடும்பத்துக்குச் சேர்ந்து சென்று வந்த இருவராகிய ஒவ்வோர் இணையரும் அக்குடும்பத்தில் கண்டதைச் சொல்ல, என்ன செய்வது என்பதை அனைவரும் சேர்ந்து முடிவு செய்வர். பல கிளைகளில் 'சென்று வந்தோம், மளிகை கொடுத்தோம்' என்பதோடு அறிக்கை முடிந்துவிடுகிறது. மளிகை கொடுத்தது கணக்கில் இருக்கிறது. அந்த வீட்டு மகன் வேலைக்குப் போகிறானா, பாட்டிக்குக் கண் புரை எந்த அளவில் உள்ளது, சென்ற மாதம் வந்த மழையில் கூரை ஒழுகியதா என்பவைதான் அறிக்கை.

முடிவில் இரகசியக் காணிக்கை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதியவர்கள் இதைத்தான் சடங்கு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். வாயில் சுருக்குக் கயிறு கொண்ட ஒரு துணிப்பை கையோடு கையாகச் சுற்றி வரும். ஒவ்வொருவரும் மூடிய கையை உள்ளே விட்டு, விரித்து, வெறுங்கையாக வெளியே எடுப்பர். யார் ஐந்நூறு போட்டார், யார் பத்து போட்டார் என்று யாருக்கும் தெரியாது. அந்த வாரம் கையில் எதுவும் இல்லாத உறுப்பினரும் மூடிய கையை உள்ளே விட்டு எடுக்கலாம். அவர் போடவில்லை என்பதும் யாருக்கும் தெரியாது. கூலி வேலை செய்பவரும் வங்கி அதிகாரியும் ஒரே மேசையைச் சுற்றி அமர இந்தப் பைதான் வழி செய்கிறது. காணிக்கையைத் தட்டில் வாங்குவது, நோட்டில் பெயர் எழுதி வசூலிப்பது, கைப்பேசியில் அனுப்பச் சொல்வது ஆகிய மூன்றும் இதைக் கெடுத்துவிடும்.

நான்காம் படி: வீட்டுச் சந்திப்பு

சபையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பணமே இல்லாத கிளைகூடச் சந்திப்பு நடத்தினால் வாழும்; சந்திப்பு இல்லாத கிளை எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் பொருள் வழங்கும் கடையாகவே இருக்கும்.

உதவி தேவைப்படும் குடும்பங்களை அன்பியப் பொறுப்பாளர்கள், பள்ளி ஆசிரியர்கள், சுகாதார நிலையத்தில் பணிபுரியும் செவிலியர்கள் ஆகியோர் வழியாக அறியலாம். கேட்டு வருபவர்களைவிடக் கேட்காமல் இருப்பவர்களைத் தேடுவதே கடினமான வேலை. ஒரு காலத்தில் நன்றாக வாழ்ந்து நொடித்துப்போன குடும்பம் கோவிலில் முன் வரிசையில்தான் அமர்ந்திருக்கும். வீட்டில் உலை வைக்க அரிசி இராது.

எப்போதும் இருவராகவே செல்ல வேண்டும். ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவில் வைப்பார், வீண் பேச்சுக்கும் இடமிராது. குழந்தைகளோ தனித்திருக்கும் பெண்களோ உள்ள வீடானால் இணையரில் ஒருவராவது பெண்ணாக இருப்பது நல்லது. நேரம் கேட்டுக்கொண்டு செல்ல வேண்டும்; கூலி வேலைக்குச் செல்வோர் வீட்டுக்குப் பகல் 11 மணிக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்புவதில் பொருளில்லை. முதல் சந்திப்பில் கையில் எதையும் கொண்டு போகாமல் இருப்பதே சிறந்தது என்பது என் கருத்து. அரிசிப் பையோடு வாசலில் நின்றால், அந்த வீட்டில் அன்று நடக்கும் பேச்சு முழுவதும் அந்தப் பையைப் பற்றியதாகவே இருக்கும். பின்னர் பொருள் கொடுக்கும்போதும், சபைப் பெயர் அச்சிட்ட பையில், தெரு முழுவதும் பார்க்க வண்டியில் வைத்துக் கொண்டு செல்லக் கூடாது. மளிகைக் கடையில் சொல்லிவைத்துக் குடும்பத்தினரே சென்று வாங்கிக்கொள்ளச் செய்தால் எது வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்வார்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றி, அவர்கள் காட்டும் இடத்தில், பாயானாலும் திண்ணையானாலும், உட்கார வேண்டும். தேநீர் கொடுத்தால் குடிக்க வேண்டும். 'பாவம், இவர்களிடம் போய்க் குடிப்பதா' என்று மறுப்பதை இரக்கம் என்று எண்ணுகிறோம்; அந்த வீட்டார் அதை அவமதிப்பாகவே எடுத்துக்கொள்வர். முதல் நாளே வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று தாளில் குறித்துக்கொண்டு கேட்பது விசாரணையாகிவிடும். ஊர், பிள்ளைகள், படிப்பு, உடல்நலம் என்று பேச்சு தானாகச் செல்லும்போது தெரிய வேண்டியது தெரிந்துவிடும். வீட்டை விட்டு வெளியே வந்து, தெரு திரும்பிய பிறகு குறித்துக்கொள்ளலாம். அவர்கள் கத்தோலிக்கராக இருந்தால், விரும்பினால், சேர்ந்து செபிக்கலாம். பிற சமயத்தவராக இருந்தால் அவர்களிடம் சமயம் பேசக் கூடாது. சமயம், சாதி, கட்சி பாராமல் உதவ வேண்டும் என்பது சபை ஒழுங்கில் எழுதப்பட்டுள்ளது; உதவியைத் தூண்டிலாக்குவது அந்த ஒழுங்குக்கே எதிரானது.

புகைப்படம் பற்றி ஒரு சொல். சந்திப்பின்போதும் உதவி வழங்கும்போதும் படம் எடுக்கக் கூடாது. 'நன்கொடையாளருக்குக் காட்ட வேண்டும்' என்று சொல்வார்கள். அரிசிப் பையின் ஒரு முனையைத் தலைவரும் மறு முனையைக் கைம்பெண் ஒருவரும் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் வந்த மறுவாரம், அவருடைய மகள் மறைக்கல்வி வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டதை நான் அறிவேன். நன்கொடையாளருக்குக் கடைக்காரரின் ரசீதைக் காட்டினால் போதும்.

ஐந்தாம் படி: எந்த உதவி, எவ்வளவு காலம்

ஒரு கிளை தொடர்ந்து கவனிக்கும் குடும்பங்களைத் 'தத்துக் குடும்பங்கள்' என்பர். இரண்டு உறுப்பினருக்கு இரண்டு குடும்பம் என்ற கணக்குக்கு மேல் ஏற்றுக்கொண்டால் சந்திப்பு பெயரளவில் நின்றுவிடும். ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓராண்டு கழித்து இக்குடும்பம் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று முதலிலேயே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். தனித்து வாழும் 80 வயது மூதாட்டிக்கு உதவி கடைசி வரை தொடரும். கணவரை இழந்த 30 வயதுப் பெண்ணுக்கு மாதம் 10 கிலோ அரிசியைப் பத்தாண்டு கொடுத்துக்கொண்டிருந்தால் அது நம் தோல்வி. தையல் இயந்திரமோ, இட்லிக் கடைக்குத் தேவையான அடுப்பும் பாத்திரமும் வாங்க வட்டியில்லாத சிறு தொகையோ ஓராண்டில் செய்வதை அரிசி செய்யாது.

கிளையின் கையில் இருக்கும் சிறு தொகையைவிடப் பெரிய தொகை பெரும்பாலும் அரசிடம் அக்குடும்பத்துக்காகவே காத்திருக்கிறது என்பதை உறுப்பினர்கள் மறக்கக் கூடாது. முதியோர் ஓய்வூதியம் 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு உரியது. டயாலிசிசும் இதய அறுவையும் அதில் அடங்கும். உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் முதலில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டுமே இருந்தது. பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இல் வந்தது. நம் பங்குப் பள்ளிகளில் பெரும்பாலானவை அரசு உதவிபெறும் பள்ளிகளே என்பதால் இவ்விவரம் நமக்கு நேரடியாகப் பயன்படும். கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்கள் பட்டியல் சாதியினராகக் கருதப்படாமல் பிற்படுத்தப்பட்டோராகவே சான்று பெறுகின்றனர். ஆயினும் மாநில அரசின் சில கல்வி உதவித்தொகைகள் அவர்களுக்கும் உண்டு. சாதிச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே உறுப்பினர் கொடுக்க வேண்டியது நேரம். ஆதார் அட்டையில் 'சவேரியம்மாள்' என்றும், குடும்ப அட்டையில் 'சவரியம்மாள்' என்றும், வங்கிக் கணக்கில் 'எஸ். மேரி' என்றும் இருக்கும் ஒருவருக்கு ஓய்வூதியம் வாங்கித் தருவதற்கு நானும் என் இணையரும் இ-சேவை மையத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் வங்கிக்குமாக ஏழு முறை அலைந்தோம். திருமுழுக்குச் சான்றிதழில் நான்காவதாக ஒரு பெயர் இருந்தது. கிளைக்கு ஆன செலவு ஆட்டோக் கட்டணமும் நகல் எடுத்த காசும் மட்டுமே. அந்த அம்மா அதன்பின் எங்கள் மளிகையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கடன் இன்று ஏழைக் குடும்பங்களின் முதன்மைச் சிக்கல். கிளை அக்கடனை அடைக்க முன்வந்தால் கையிருப்பு ஒரே மாதத்தில் தீரும்; குடும்பமோ மறுமாதம் வேறு குழுக்கடனில் நிற்கும். எத்தனை இடத்தில் எவ்வளவு, வாரத் தவணை எவ்வளவு என்று அவர்களோடு உட்கார்ந்து எழுதிப் பார்ப்பதே முதல் உதவி. அநியாய வட்டி வாங்குவோரின் மிரட்டல் இருந்தால், 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தின்படி காவல் நிலையத்தில் புகார் செய்ய வழியுண்டு. தனியே செல்ல அஞ்சுவோருடன் இருவர் உடன் சென்றாலே பேச்சின் தொனி மாறும்.

பள்ளி திறக்கும் ஜூன் மாதச் செலவுக்கு மார்ச்சிலிருந்தே தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும். அடக்கச் செலவுக்கும் ஒரு சிறு தொகை எப்போதும் கையில் இருக்க வேண்டும். பெட்டி, குழி வெட்டுக்கூலி, வண்டி ஆகியவற்றுக்கு இரவோடு இரவாகப் பணம் தேவைப்படும்போது கூட்டத்தைக் கூட்டி ஒப்புதல் பெற முடியாது. இத்தகைய அவசரத்துக்குத் தலைவரும் பொருளாளரும் இவ்வளவு வரை செலவு செய்யலாம், அடுத்த கூட்டத்தில் கணக்குச் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானம் எழுதி வைப்பது நலம்.

ஆறாம் படி: பணமும் கணக்கும்

இரகசியக் காணிக்கை, கோவில் வாசல் உண்டியல், பங்கில் வழங்கும் நன்கொடை ஆகியவையே கிளையின் வருவாய். திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்தி 2017 முதல் நவம்பரில் கொண்டாடப்படும் உலக வறியோர் நாளன்று சிறப்புக் காணிக்கை எடுக்கப் பங்குத்தந்தையிடம் கேட்கலாம். உண்டியலை இருவர் முன்னிலையில் திறந்து எண்ணி, இருவரும் கையொப்பமிட வேண்டும். வங்கிக் கணக்கு இருவர் கையொப்பத்தில் இயங்க வேண்டும்; ஒருவரின் சொந்தக் கணக்கில் சபைப் பணம் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. பொருளாளர் மேல் சந்தேகம் இருப்பதால் அன்று, நாளை யாரும் அவரைச் சந்தேகிக்கக் கூடாது என்பதற்காகவே.

பணத்தைச் சேர்த்து வைப்பதைச் சபை ஒழுங்கு விரும்புவதில்லை. ஏழைகளுக்கென்று வந்தது ஏழைகளிடம் செல்ல வேண்டும். நிரந்தர வைப்பில் இலட்சங்களை வைத்துக்கொண்டு, வட்டியில் மட்டும் உதவும் கிளையைச் சிக்கனமான கிளை என்று பாராட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வெளிநாட்டு உதவி பற்றி மிகுந்த கவனம் தேவை. ஒரு நாட்டின் கிளை வேறொரு நாட்டின் கிளையோடு இணைந்து உதவும் இணைப்பு முறை சபையில் நெடுங்காலமாக உண்டு. ஆனால் இந்தியாவில் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற அமைப்பு மட்டுமே அத்தொகையைப் பெறலாம். 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பின், புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில்தான் முதலில் அது வரவாக வேண்டும்; பெற்ற அமைப்பு அதை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் இயலாது. எனவே வெளிநாட்டில் வாழும் பங்கு மக்களோ நண்பர்களோ உதவ முன்வந்தால், கிளையின் கணக்கு எண்ணைக் கொடுத்துவிடாமல் மத்திய சபையிடம் கேட்டு நடக்க வேண்டும். நல்லெண்ணத்தில் பெற்ற ஒரு சிறு தொகை பங்கையும் மறைமாவட்டத்தையும் சேர்த்துச் சிக்கலில் மாட்டிவிடும். வருமான வரி விலக்குச் சான்று பெறாத கிளை, விலக்கு உண்டு என்று யாரிடமும் சொல்லக் கூடாது.

ஏழாம் படி: உறுப்பினர்களை நிலைக்கச் செய்தல்

புதியவர் ஒருவர் சேர்ந்தால் அவரை முதல் வாரமே அனுபவமுள்ள ஒருவருடன் சந்திப்புக்கு அனுப்ப வேண்டும். மூன்று மாதம் கூட்டத்தில் மட்டும் உட்கார வைத்தால் அவர் வருவதை நிறுத்திவிடுவார். கல்லூரி மாணவர்களுக்கு உண்டியலையும் நாற்காலி அடுக்கும் வேலையையும் மட்டும் கொடுப்பதும் அப்படியே. பத்தாம் வகுப்பில் கணிதத்தில் தடுமாறும் தத்துக் குடும்பப் பிள்ளைக்கு மாலையில் பாடம் சொல்லித் தரும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள்.

செப்டம்பர் 27 புனித வின்சென்ட் திருநாள். அன்று திருப்பலிக்குப் பின், உதவி பெறும் குடும்பங்களும் உறுப்பினர் குடும்பங்களும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது நல்ல வழக்கம். முதல் பந்தியில் பிரமுகர்கள், கடைசிப் பந்தியில் ஏழைகள் என்றால் அதை நடத்தாமல் இருப்பதே மேல். கல்லறைத் திருநாளாகிய நவம்பர் 2 அன்று, மறைந்த உறுப்பினர்களின் பெயர்களோடு, மறைந்த தத்துக் குடும்பத்தினரின் பெயர்களையும் திருப்பலியில் வாசிக்கலாம். நினைக்க வேறு யாருமில்லாத சிலர் அப்பட்டியலில் நிச்சயம் இருப்பர். ஆண்டுக்கொருமுறை தவக்காலத்தில் அரைநாள் தியானமும் வேண்டும்.

உறுப்பினர்களும் ஏழ்மைப்படுவார்கள் என்பதைக் கிளைகள் எளிதில் மறந்துவிடுகின்றன. பத்தாண்டு சந்திப்புக்குச் சென்ற ஒருவர் வேலையிழந்தால், தம் குடும்பத்தைப் பற்றிக் கூட்டத்தில் அவரால் சொல்ல இயலாது. அவர் தொடர்ந்து இரண்டு கூட்டத்துக்கு வரவில்லையென்றால், காரணம் கேட்டுக் கடிதம் அனுப்புவதற்குப் பதிலாகத் தலைவரும் இன்னொருவரும் அவர் வீட்டுக்குச் செல்ல வேண்டும்.

தலைமை மாறும்போது கூட்டக் குறிப்பேடு, வரவு செலவுப் புத்தகம், வங்கிப் புத்தகம், இணைப்புக் கடிதம், துணிப்பை ஆகியவற்றைக் கூட்டத்தில் வைத்துக் கைமாற்றி, குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். குடும்பங்களைப் பற்றிய தனிக்குறிப்புகளை அந்தந்த இணையரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். பங்கு அலுவலக அலமாரியில் வைக்கக் கூடாது. சந்திக்கும் இணையர் மாறினால், புதியவர்களை முதன்முறை பழையவர்களே வீட்டுக்கு அழைத்துச் சென்று அறிமுகம் செய்ய வேண்டும்; மூதாட்டிகள் உள்ள வீடானால் இரண்டு மூன்று முறை கூடவே செல்ல வேண்டும், ஏனெனில் அவர்கள் முதல் நாள் புதியவர்களிடம் எதையும் சொல்ல மாட்டார்கள்.